ஆங்கிலமும் ஐந்து மணிக்குப் பூட்டும் நூலகமும்

(மட்டக்களப்பு எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, அதிபர் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு சதமும் வாங்காமல் தந்த ஆலய நிர்வாகியான வண்ணக்கர் அவர்களே, பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களே, வாவிக்கு மறுகரையான படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். மாதர் சங்கத்தினர் போர்த்திய பொன்னாடையை நான் மடித்து வைத்திருப்பது இந்த வெக்கைக்காகத்தான், வேறொன்றுமில்லை.

வாசிப்பு, சொல்வளம், இலக்கணம் என்று மூன்று விடயங்களைப் பேசச் சொன்னார்கள். தந்த நேரத்தில் பாதி வணக்கம் சொல்வதிலேயே போய்விட்டது.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழி வரும் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலம் கடல் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். அதையும் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்தில் ஆசிரியப் பணி செய்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஏறக்குறைய 2000 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு நாவலை அகராதியைத் தொடாமல் வாசிக்க 8000, 9000 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்த கூட்டங்கள், வேண்டும் என்று நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். முதல் 2000ஐக் கொப்பியில் எழுதிப் படிக்கலாம். மிச்சத்தை மனப்பாடம் செய்து தீராது, வாசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், பின்வரிசையில்தான் இருக்கிறான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அகராதியை முதல் எழுத்திலிருந்து பாடமாக்கத் தொடங்கினான். வேலியால் எட்டி, "என்ன மனே படிக்கிறாய்?" என்றால், "எஃப் முடியப் போகுது சேர்" என்பான். எம் எழுத்து வரும்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. முதல் கிழமை, இரவு பத்து மணி. வெள்ளைக்கார அம்மா ஒருவர் கதவைத் திறந்து, "பில்லோ, ப்ளீஸ்" என்றாராம். இவன் P எழுத்துக்கு இன்னும் போகவில்லை. ஆனால் B எழுத்தில் வந்த பில் தெரியும். ஓடிப்போய் அவருடைய கணக்கை அடித்து, தட்டில் வைத்து, பணிவாக நீட்டினான். அந்த அம்மா, "நோ, நோ, பில்லோ!" என்றார். கணக்கில் பிழையாக்கும் என்று இவன் திரும்பி ஓடித் தள்ளுபடி போட்டுக்கொண்டு வந்தான்! அவர் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் இருந்து, தலையைச் சரித்துக் காட்டிய பிறகுதான் தலையணை போனது.

கதை அதோடு முடியவில்லை. யாரோ அறையில் விட்டுப்போன துப்பறியும் நாவல் ஒன்று இவன் கைக்கு வந்தது. இவனும் சமையற்காரரும் இரவுக் காவலாளியும் வேலை முடிந்ததும் நாளுக்கு இரண்டு பக்கம். ஒருவர் சத்தமாக வாசிப்பார். கொலைகாரன் யார் என்று மூன்று பேருக்கும் சண்டை. "தோட்டக்காரன்தான்" என்று காவலாளி சொன்னால், "இல்லை, இந்த வரியைப் பார்" என்று இவன் மல்லுக்கு நிற்பான். வெல்வதற்காகவே ஒரு வரியை நாலு தரம் வாசித்தார்கள். அகராதியில் தங்காத சொல் சண்டையில் தங்கியது. இன்று அவன் வரவேற்பு மேசையில் நிற்கிறான்.

வாசித்துப் பேசுவது என்றால் இதுதான். தெரியாத சொல்லுக்கு முதலில் ஆளுக்கொரு ஊகம் சொல்லுங்கள், பிறகு அகராதியைத் திறவுங்கள். கொப்பியில் சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வசனத்தையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்; அளந்து போடு என்றேனே!

ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று கவலைப்படுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர். சேக்சுபியர் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதியவரும் அவர்தான், பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' தந்தவரும் அவர்தான். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இலக்கணம் மூன்றாவது. அதை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தவிசாளர் ஐயா, இனி உங்களிடம் வருகிறேன். இந்த மூன்று பேருக்கு ஹோட்டலில் ஒரு விளக்கும் உட்கார ஒரு வாங்கும் இருந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கின்றன? நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. ரியூசன் விட்டு அவர்கள் வர ஐந்தரை. ஆங்கிலக் கதைப் புத்தகங்களோ கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டோடு, கிழிந்துவிடுமாம்! கிழியட்டுமே, வாசித்துக் கிழிந்த புத்தகத்தை நான் என் செலவில் கட்டித் தருகிறேன். நூலகர் பாவம், அவரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே திறப்பை வாசகர் வட்டத்திடம் தாருங்கள். தினமும் கேட்கவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுங்கள்: செவ்வாயும் வெள்ளியும், இரவு எட்டு மணிவரை.

ஐயாவுக்கு ஏழு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். மனு செயலாளர் தம்பியிடம் இருக்கிறது, ஊரார் கையொப்பமும் வைத்துவிட்டார்கள். உங்கள் ஒப்பத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். பேனை என்னிடம் இருக்கிறது.