காலிக்குப் போக காரை எதுவரை ஓட்டலாம்?

[திரை: கொழும்பு வரைபடம். வெள்ளவத்தையில் ஒரு புள்ளி, கொட்டாவையில் ஒன்று, காலியில் ஒன்று.]

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து காலிக்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அதில் கொட்டாவையில் இருந்து, காலிக்கு இறங்கும் பின்னதுவ வரை உள்ள 95 கிலோமீற்றர் ஒரே ஓட்டம்தான். அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் வரை போகலாம். அந்தப் பாதை 2011 நவம்பரில் திறந்ததில் இருந்து காலி நமக்கு ஒரு நாள் பயணம் ஆகிவிட்டது. ஆனால் காலிக்குப் போய் வந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. நுகேகொடை நெரிசலைப் பற்றிச் சொல்வார்கள், அப்புறம் காலிக் கோட்டைக்குள் கார் நிறுத்த இடம் தேடியதைப் பற்றிச் சொல்வார்கள். பிரச்சினை இரண்டு முனையிலும்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் 95 கிலோமீற்றரை நீங்களே ஓட்ட வேண்டுமா, காரைக் கொட்டாவைப் பக்கம் விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாமா என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

"கார் வாசலில் நிற்கும்போது பஸ்ஸில் போவானேன் அண்ணா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு.

[திரை: எளிய கணக்கு, கையெழுத்தில்.]

போக வர 240 கிலோமீற்றர். டவுணும் நெடுஞ்சாலையும் கலந்து லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் என்று வைத்துக்கொண்டால் 20 லீற்றர் பெற்றோல். இந்த 20 நமக்கு மறக்காத எண். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் முழுவதற்கும் கொடுத்த அளவு அதுதான். ஒரு தடவை காலிக்குப் போய் வந்தால் அந்த வாரத்துப் பங்கு முடிந்தது. வரிசை இல்லாத நாளிலும் 20 லீற்றருக்குக் காசு கட்டத்தான் வேண்டும். அதோடு நெடுஞ்சாலைக் கட்டணம், அதுவும் இரண்டு தடவை. காரைக் கொட்டாவைக்குப் பக்கத்தில் உள்ள மாகும்புர பஸ் மையத்தோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் ஓட்டுவது போக வர 36 கிலோமீற்றர் அளவு, அதற்கு 3 லீற்றர் போதும். மிச்சத்துக்கு பஸ் டிக்கெட்.

மாகும்புர எங்கே இருக்கிறது? ஹைலெவல் வீதியில் கொட்டாவையைத் தாண்டியதும், அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தோடு ஒட்டியபடி ஒரு பெரிய போக்குவரத்து மையம் இருக்கிறது. காலி, மாத்தறை என்று தெற்கே போகும் அதிவேக பஸ்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. கார் நிறுத்த இடமும் உண்டு. களனிவெளி ரயில் பாதையும் பக்கத்திலேயே போகிறது. காரை விட்டுவிட்டு பஸ் ஏறுவதற்கென்றே கட்டிய இடம் என்பதால் "இங்கே நிறுத்தலாமா தம்பி?" என்று கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இரவு தங்கிவிட்டு மறுநாள் வருவதாக இருந்தால் மட்டும் வாசலில் நிற்கும் காவலரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.

[காட்சி: பாமன்கடையில் இருந்து ஹைலெவல் வீதி, காலை நேரம்.]

வெள்ளவத்தைக்காரர்கள் டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் போய், பாமன்கடை, கிருலப்பனை தாண்டினால் ஹைலெவல் வீதி. பிறகு நுகேகொட, தெல்கந்த, மகரகம, பன்னிப்பிட்டிய, கொட்டாவ. இந்தப் பெயர்களைக் கேட்டதுமே பலருக்குத் தலை இடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை நாளில் காலையில் கூட்டம் கொழும்புக்குள் வருகிறது, நீங்கள் வெளியே போகிறீர்கள். மாலையில் கூட்டம் வெளியே போகிறது, நீங்கள் உள்ளே வருகிறீர்கள். பள்ளிக்கூட வாசல்களில் எப்படியும் நிற்கத்தான் வேண்டும், அது தனிக் கதை. மற்றபடி காலிக்கு ஒரு நாள் போய் வருகிறவருக்கு நெரிசல் பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் லீவு எடுக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது, சனி ஞாயிறை விட்டுவிட்டு ஒரு புதன்கிழமை போங்கள். போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையின் கடைசி மாலையில் ஊரே திரும்பி வரும். அன்றைக்குக் கொட்டாவையில் கட்டணம் கட்டும் வரிசையில் பஸ்ஸும் நிற்கும், காரும் நிற்கும். பஸ்ஸில் இருந்தால் தூங்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கார் இல்லாதவர்களுக்கு மாகும்புர இன்னும் பயன்படும். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதி கிடையாது. சொந்த ஓட்டோவில் காலிக்குப் போவதென்றால் காலி வீதிதான், அதுவும் பாணந்துறை, களுத்துறை, அளுத்கம, ஹிக்கடுவை என்று ஒவ்வொரு டவுணிலும் நின்று நின்று. மாகும்புர வரை பைக்கில் போய் பஸ் ஏறினால் காரில் போகிறவரின் வேகம் உங்களுக்கும் கிடைத்துவிடுகிறது. இந்த முறையால் அதிகம் லாபம் அடைகிறவர்கள் இவர்கள்தான் என்பேன்.

அந்த பஸ்களைப் பற்றி ஒரு விஷயம். நின்றுகொண்டு போக முடியாது. ஆசனம் நிரம்பினால் அடுத்த பஸ்தான். போகும்போது இது வசதி, ஞாயிறு மாலை காலியில் வரிசையில் நிற்கும்போது வசதி இல்லை. காலியில் இறங்கிய உடனேயே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேளுங்கள். உங்கள் கார் மாகும்புரவில் நிற்கிறது, அதை மறந்துவிடக் கூடாது.

[திரை: வரைபடம். கெரவலப்பிட்டியில் இருந்து கொட்டாவை வரை வளைந்த கோடு.]

சரி, வத்தளை, ஹெந்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு? உங்களுக்குக் கொழும்புக்குள் வரவே தேவையில்லை. கெரவலப்பிட்டியில் வெளிச்சுற்று நெடுஞ்சாலையில் ஏறினால் கடவத்தை, கடுவலை, அத்துருகிரிய வழியாகக் கொட்டாவை. 29 கிலோமீற்றர்தான். ஆனால் அதே நெடுஞ்சாலை நேராகக் காலி வரை போகும்போது நடுவில் இறங்கி பஸ்ஸுக்கு மாறுவது உங்களுக்குக் கொஞ்சம் சுற்றுத்தான். இரண்டு பேர் என்றால் மாறுங்கள், காசு மிஞ்சும். நான்கு பேர், கூடவே அம்மம்மா, ஒரு கைக்குழந்தை என்றால் நேராக ஓட்டிக்கொண்டே போங்கள். நான்கு டிக்கெட்டை இரண்டால் பெருக்கிப் பார்த்தால் பெற்றோல் கணக்கோடு பெரிய வித்தியாசம் இருக்காது.

பிலியந்தலைப் பக்கம் ரயில் கிடையாது. அங்கிருப்பவர்கள் மொறட்டுவையோ பாணந்துறையோ போய் கடற்கரை ரயிலைப் பிடிக்கலாம்.

[காட்சி: ரயில் ஜன்னல். பம்பலப்பிட்டி தாண்டும்போது கடல்.]

இப்போது அந்த ரயில். காலிக்கு இந்தப் பாதை வந்தது 1894இல். இன்று அது மாத்தறையைத் தாண்டி பெலியத்த வரை போகிறது. நேரம் பார்த்தால் பஸ்ஸிடம் தோற்றுவிடும். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இருந்து காலிக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைய எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கொள்ளுப்பிட்டியில் இருந்தே கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. போகும்போது வலது பக்க ஜன்னல். வெள்ளவத்தை ஸ்டேஷனில் எல்லா ரயிலும் நிற்காது, தூர ரயில்கள் பல நிற்காமலே போய்விடும். கோட்டைக்குப் போய் ஏறலாம், ஆனால் அங்கே மேடை நிறைய ஆட்கள். பல ரயில்கள் மருதானையில்தான் புறப்படுகின்றன, ஆகவே ஒரு ஸ்டேஷன் பின்னால் போய் ஏறினால் ஆசனம் கிடைக்கும். அதுவரைக்கும் கார் வேண்டாம், ஓட்டோ போதும். மருதானையில் நாள் முழுவதும் காரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலியவைத் தாண்டுவீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு முழு ரயிலையும் அடித்துச் சென்ற இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நினைவுத் தூபி பாதையோரத்தில் இருக்கிறது.

போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று பலர் ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான், ஆனால் காரை எங்கே விடுகிறீர்களோ அங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும். கடற்கரை ரயிலும் மாகும்புர பஸ்ஸும் காலியில்தான் சந்திக்கின்றன, நடுவில் எங்கேயும் இல்லை. அப்படிப் போவதென்றால் காரை வீட்டிலேயே விடுங்கள். வரும்போது மாகும்புரவில் இறங்கி, ஹைலெவல் வீதியில் 138 பஸ்ஸைப் பிடித்து கிருலப்பனையில் இறங்கினால் அங்கிருந்து வெள்ளவத்தை ஓட்டோ தூரம்.

[காட்சி: காலி ரயில் நிலையம், பஸ் நிலையம், எதிரே கோட்டை மதில்.]

காலியில் இறங்கிய பிறகு கார் இல்லாததை நினைத்து வருந்த மாட்டீர்கள். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி நடந்தால் கோட்டை வாசல். உள்ளே ஒல்லாந்தர் காலத்துக் குறுகிய தெருக்கள், கார் நுழைந்தால் காருக்கும் கஷ்டம், நடப்பவருக்கும் கஷ்டம். மதில் மேல் ஏறி வெளிச்சவீடு வரை நடந்துவிடலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வாசலில் ஓட்டோ நிற்கும்.

போகிற போக்கில் ஒன்று. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு 1911இல் இதே காலியில்தான் கிடைத்தது. 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலின் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. காலியில் அதைத் தேடாதீர்கள், கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க பஸ்ஸும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

யாருக்கு இந்த முறை சரிவராது? உனவட்டுனை, மிரிஸ்ஸ என்று நான்கு இடம் சுற்றுகிறவர்களுக்கு. சமையல் சாமான், பாய், தலையணை என்று ஒரு வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு. நள்ளிரவில் திரும்புகிறவர்களுக்கு. இவர்கள் காரிலேயே போகட்டும்.

உங்கள் வீட்டில் இருந்து மாகும்புரவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கீழே எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அடுத்து போகிறவருக்கு உதவும்.