உறைக்குள் இருந்த ஊர்

அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கூடைப்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் மைக்கேல் ஜோர்டனில்தான் தொடங்குவார்கள். நானும் அவரிடம் வருவேன். ஆனால் கடைசியில்தான் வருவேன், அதுவும் ஒரே ஒரு பாஸுக்காக. அதற்கு முன்னால் 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிக் ஈஸ்ட் என்ற ஒரே கான்பரன்ஸிலிருந்து என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகுக்குப் போன சில பையன்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்.பி.ஏ. அணிகள் கல்லூரிப் பையன்களை எடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஐ.பி.எல். ஏலத்தில் காசுதான் பேசும், யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்கு வீரர். டிராஃப்டில் அப்படிக் கிடையாது. அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவருக்கு முதலில் பாயசம் போடுகிற மாதிரி. பையனுக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை. நான்கு வருடம் படித்த ஊரும் பிறந்த ஊரும் ஒரு மூலையில் இருக்க, பெயர் கூப்பிட்ட நொடியில் இன்னொரு மூலைக்கு மூட்டை கட்ட வேண்டும்.

கான்பரன்ஸ் என்பது வருடா வருடம் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டு. பிக் ஈஸ்ட் 1979-இல்தான் பிறந்தது. பிராவிடன்ஸ் கல்லூரியின் கோச்சாக இருந்த டேவ் கேவிட் என்பவரின் மூளையில் உதித்தது. மனிதர் கெட்டிக்காரர். நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன் என்று பெரிய நகரங்களாகப் பார்த்துப் பிடித்தார், அடுத்த வருடம் ஃபிலடெல்பியா பக்கத்து வில்லனோவாவும் சேர்ந்தது. ஒவ்வொரு நகரத்திலும் எத்தனை வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டி.வி. அதே 1979-இல் ஈ.எஸ்.பி.என். சேனலும் தொடங்கியது. காட்ட ஆட்டம் தேடிக்கொண்டிருந்த சேனலுக்கும், ஆட்டத்தைக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த கான்பரன்ஸுக்கும் பொருத்தம் அமைந்துவிட்டது. 1983-இலிருந்து கான்பரன்ஸ் சாம்பியன் போட்டி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. இந்தக் கட்டடத்தின் பெயரை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கேதான் திரும்பத் திரும்ப வரும்.

ஆறே வருடம். 1985 தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள்: ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா. நாடு முழுவதும் இருந்து வந்த 64 அணிகளில் இது நடந்தது என்றால் பாருங்கள்.

ஜார்ஜ்டவுனின் தூண் பேட்ரிக் யூயிங். ஏழடி உயரம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர், சிறுவயதில் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடியவர். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அமெரிக்கா வந்த பிறகுதான் கூடைப்பந்தையே தொட்டார். அவருடைய கோச் ஜான் தாம்ப்சன், தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினக் கோச், 1984-இல். யூயிங் வெளியூர்களில் ஆடப் போகும்போது அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தட்டி பிடித்தார்கள், வாழைப்பழத் தோலை ஆடுகளத்தில் எறிந்தார்கள். நான்கு வருடம் இதைச் சகித்தார். இரண்டாவது, மூன்றாவது வருடத்திலேயே படிப்பை விட்டுப் பணத்துக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1983-இல் அம்மா இறந்துபோனார். படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. 1985-இல் நுண்கலையில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் டிராஃப்டுக்கு வந்தார். படிக்கத் தெரியாது என்று தட்டி பிடித்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

செயின்ட் ஜான்ஸின் நட்சத்திரம் கிறிஸ் முல்லின். புரூக்ளின் பையன். இடது கைக்காரர். ஓட்டம் சுமார், தாவல் அதைவிடச் சுமார், ஆனால் கையிலிருந்து பந்து கிளம்பினால் கூடைக்குள்தான். அவருடைய கோச் லூ கார்னசெக்கா கண்ணைப் பறிக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார், அதைப் போட்டால் ஜெயிக்கிறோம் என்று ஒரு ராசி. பிப்ரவரி மாதம் கார்டனில் நடந்த ஆட்டத்துக்கு ஜான் தாம்ப்சன் அதே ஸ்வெட்டர் படம் போட்ட டி-சட்டையைக் கோட்டுக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டு வந்து, திறந்து காட்டினார். அரங்கமே சிரித்தது. ஆட்டத்தில் ஜார்ஜ்டவுன் 85-69 என்று வென்றது. ராசி அன்றைக்குப் போனதுதான். அரையிறுதியில் மறுபடி மோதியபோது முல்லினை எட்டே புள்ளியில் கட்டிப்போட்டார்கள்.

அப்புறம் இறுதி ஆட்டம். ஏப்ரல் 1, லெக்சிங்டன் நகரம். ஜார்ஜ்டவுனுக்கு எதிரே வில்லனோவா, அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஜார்ஜ்டவுனிடம் இரண்டு முறை தோற்ற அணி. முட்டாள்கள் தினம் என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்யத் தயாராக இருந்திருப்பார்கள். தேசியப் போட்டியில் அப்போது ஷாட் கிளாக் கிடையாது. இத்தனை விநாடிக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோச் ராலி மாசிமினோவின் பையன்கள் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, பொறுமையாக, நல்ல வாய்ப்பு வந்தால் மட்டும் எறிந்தார்கள். மொத்தம் 28 எறிதல், அதில் 22 உள்ளே. இரண்டாம் பாதியில் பத்துக்கு ஒன்பது! கூடைப்பந்து ஆடிய யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், மூச்சு நிற்கும். 66-64. கடைசி இரண்டு விநாடியில் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை ஆடுகளத்துக்குள் எறிந்தபோது டுவெய்ன் மெக்லெய்ன் தரையில் விழுந்தபடியே அதைப் பிடித்தார், மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். நேரம் தீர்ந்தது. சிறந்த வீரர் பட்டம் எட் பிங்க்னிக்கு.

சரி, இப்போது டிராஃப்ட். அதற்கு முன் ஒரு புதுக் கூத்து.

அதுவரை என்.பி.ஏ.வின் இரு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற இரண்டு அணிகள் நாணயம் சுண்டிப் பார்க்கும், வென்றவருக்கு முதல் தேர்வு. நல்ல பையன் ஒருவன் வருகிறான் என்று தெரிந்தால் அணிகள் வேண்டுமென்றே தோற்கின்றன என்ற புகார் பெருகியது. அதனால் 1985-இல் லாட்டரி கொண்டுவந்தார்கள். பிளே-ஆஃப்புக்கு வராத ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்பு. மே 12, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல். கண்ணாடி போல் உள்ளே தெரியும் ஓர் உருண்டை. ஏழு அணிகளின் சின்னத்தை வைத்து மூடிய ஏழு பெரிய உறைகள். தணிக்கை நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். ஓர் உறை மட்டும் விளிம்பில் இடித்து மூலை மடங்கியது. கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பிரிக்கும்போது கடைசி எண்ணிலிருந்து தொடங்கினார்கள். ஏழாவது இடம், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். 82 ஆட்டத்தில் 22 மட்டுமே வென்று தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த அணி. அவர்களுக்குத்தான் லாட்டரியின் கடைசி எண். முதல் எண் நியூயார்க் நிக்ஸுக்கு.

மடங்கிய மூலை நிக்ஸின் உறைக்கு வைத்த அடையாளம் என்றார்கள். இன்னொரு கூட்டம் உறையை ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைத்தார்கள், தொட்டுப் பார்த்து எடுத்தார் என்றது. நாற்பது வருடம் ஆகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஏழு பேர் சீட்டுப் போட்டால் யாரோ ஒருவருக்கு விழத்தான் செய்யும், அந்த ஒருவர் பெரிய ஊர்க்காரராக இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? எனக்கு உறுத்துவது வேறு. பழைய நாணய முறை இருந்திருந்தால் யூயிங் இண்டியானாவுக்கோ கோல்டன் ஸ்டேட்டுக்கோ போயிருப்பார். நிக்ஸ் அந்த ஆட்டத்திலேயே இல்லை. ஒரு காகித உறை அவரை நியூயார்க்கில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஜூன் 18, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகம். முதல் பெயர் யூயிங். ஏழாவது முல்லின், கோல்டன் ஸ்டேட்டுக்கு. பத்தாவது பிங்க்னி, ஃபீனிக்ஸுக்கு. பதினாறாவது பில் வென்னிங்டன், டல்லாஸுக்கு. இவர் செயின்ட் ஜான்ஸில் முல்லினோடு ஆடிய ஏழடிக் கனடாக்காரர். முதல் சுற்றில் பிக் ஈஸ்ட் கணக்கு இந்த நால்வர். இரண்டாம் சுற்றில் இண்டியானா ஒரு வேடிக்கை செய்தது. ஜார்ஜ்டவுனின் பில் மார்ட்டினையும் எடுத்தது, பந்தை அணைத்துக் கிடந்த வில்லனோவாவின் மெக்லெய்னையும் எடுத்தது. இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற இருவருக்கும் ஒரே நிறச் சட்டை.

அப்போது டிராஃப்ட் ஏழு சுற்று போகும், 160-க்கும் மேற்பட்ட பெயர்கள். மூன்றாம் சுற்றில், 66-ஆவது பெயராக, பாஸ்டன் காலேஜின் மைக்கேல் ஆடம்ஸை சாக்ரமென்டோ எடுத்தது. ஐந்தடி பத்து அங்குலம். என்.பி.ஏ.வில் அது குழந்தை உயரம். எடுத்தவர்களே அவரைக் கொஞ்ச நாளில் அனுப்பிவிட்டார்கள். ஆடம்ஸ் பந்தை மார்பிலிருந்து தள்ளுவது மாதிரி ஒரு விநோதமான எறிதல் வைத்திருந்தார், எந்தக் கோச்சும் சொல்லித் தராத எறிதல். அதை வைத்துக்கொண்டே டென்வருக்குப் போய் 1990-91 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 26.5 புள்ளி எடுத்தார், பத்துக்கும் மேல் அசிஸ்ட், அதாவது கூட்டாளி கூடையாக மாற்றிய பாஸ். 1992-இல் ஆல்-ஸ்டார், அதாவது அந்த வருடத்து நட்சத்திரங்களின் ஆட்டத்துக்குத் தேர்வு. இன்றைய டிராஃப்டில் இரண்டே சுற்று, அறுபது பெயருக்கு மேல் கிடையாது. 66 என்ற எண்ணே இல்லை. இன்று பிறந்திருந்தால் பெயர் கூப்பிடாமலே விளக்கை அணைத்திருப்பார்கள்.

பிங்க்னி பன்னிரண்டு வருடம் ஆடினார். கௌரவமான ஆட்டம்தான், ஆனால் லெக்சிங்டன் இரவு திரும்பவில்லை. அவருக்கு மூன்று பெயர் தள்ளி, பதின்மூன்றாவதாகப் போனவர் கார்ல் மலோன், லூசியானா டெக் என்ற சிறிய இடத்துப் பையன். பின்னாளில் யூடாவுக்காக மலைபோலப் புள்ளி குவித்தார். ஃபீனிக்ஸ்காரர்களைத் திட்டாதீர்கள். அவர்கள் பார்த்தது பொறுமையாகக் காத்திருந்து எறியும் கல்லூரி ஆட்டத்தை. என்.பி.ஏ.வில் 24 விநாடி கடிகாரம். காத்திருக்கக் கற்றவனுக்கு அங்கே காத்திருக்க நேரமில்லை.

முல்லின் கதை கொஞ்சம் வலிக்கும். நியூயார்க்கிலேயே வளர்ந்து, நியூயார்க்கிலேயே படித்து, கார்டனில் கைதட்டல் வாங்கிய பையனை நாட்டின் மறுகரையில் கொண்டுபோய் விட்டார்கள். குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. 1987 டிசம்பரில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்குப் போனார். அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டு வீரர் அதை வெளிப்படையாகச் செய்வது சின்ன விஷயமில்லை. திரும்பி வந்தவர் தலைமுடியை ஒட்ட வெட்டி, உடம்பை இளைத்து, அடுத்தடுத்து ஐந்து பருவம் சராசரி 25-க்கு மேல் எடுத்தார், ஐந்து முறை ஆல்-ஸ்டார் ஆனார். லாட்டரியில் தோற்ற கோல்டன் ஸ்டேட்டுக்குக் கடைசியில் கிடைத்தது இப்படி ஒரு ஆள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அவரும் யூயிங்கும் ஒரே அணியில் தங்கம் வாங்கினார்கள்.

யூயிங் முதல் வருடத்தில் காயத்தால் 50 ஆட்டம்தான் ஆடினார், அப்படியும் சிறந்த புதுமுகம் அவர்தான். நிக்ஸோ 23 வெற்றியோடு நின்றது, முந்தின வருடம் 24. மீட்பர் வந்தும் ஒன்று குறைந்தது! பின்னாளில் பதினொரு முறை ஆல்-ஸ்டார், 1994-இல் இறுதிப் போட்டியில் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோல்வி. பட்டம் கிடைக்கவே இல்லை. முல்லினுக்கும் கிடைக்கவில்லை.

பதினாறாவதாகப் போன வென்னிங்டனை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். டல்லாஸில் பெரும்பாலும் பெஞ்ச். அப்புறம் இத்தாலிக்குப் போய் ஆடினார். திரும்பி வந்து சிகாகோவில் சேர்ந்தார். 1996, 97, 98 என்று மூன்று சாம்பியன் மோதிரம் போட்டுக்கொண்டார். நால்வரிலும் அதிக மோதிரம் அவர் விரலில்.

1995 மார்ச் 28. மேடிசன் ஸ்கொயர் கார்டன். பேஸ்பால் ஆடப் போயிருந்த ஜோர்டன் சிகாகோவுக்குத் திரும்பி வந்து ஐந்தாவது ஆட்டம். அன்று நிக்ஸுக்கு எதிராக 55 புள்ளி எடுத்துவிட்டார். ஆட்டம் 111-111. சில விநாடிகளே பாக்கி. ஜோர்டன் பந்தோடு உள்ளே நுழைகிறார். அரங்கத்தில் இருக்கும் இருபதாயிரம் பேருக்கும் தெரியும், அவர்தான் எறியப் போகிறார். யூயிங்குக்கும் தெரியும். அவரை மறிக்க நகர்கிறார். கூடைக்கடியில் ஒருவர் தனியாக நிற்கிறார். ஜோர்டன் பந்தைத் தட்டிவிட்டார். பத்து வருடத்துக்கு முன் கல்லூரிச் சட்டையோடு இதே கட்டடத்தில் யூயிங்கிடம் அடி வாங்கிய பில் வென்னிங்டன், இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக் கூடைக்குள் திணித்தார். 113-111.