மில்லிமீட்டரில் அளக்கும் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சாதாரண கார்பனின் கருவில் 6 புரோட்டான், 6 நியூட்ரான். இன்னும் 4 நியூட்ரான் கூடினால் அது கார்பன்-16. அரை ஆயுள் முக்கால் விநாடிதான். அதனால் முடுக்கியில் உண்டாக்கிய கையோடு ஆராய்ந்துவிட வேண்டும்.

அதற்குக் கொஞ்சம் ஆற்றல் கிடைத்தால் கிளர்நிலைக்கு ஏறும். பிறகு ஒரு காமா கதிரை உமிழ்ந்து இறங்கும். எவ்வளவு நேரம் மேலே தங்கியது என்பதுதான் கேள்வி. காமா கதிரைப் பெரும்பாலும் உண்டாக்குவது மின்னூட்டத்தின் அசைவு, மின்னூட்டமோ புரோட்டானிடம் இருக்கிறது. புரோட்டான்கள் நன்றாக ஆடினால் கரு சீக்கிரம் இறங்கிவிடும். நியூட்ரான்கள் மட்டும் ஆடினால் தாமதிக்கும். தங்கிய நேரம் தெரிந்தால், உள்ளே ஆடுவது யார் என்று தெரிந்துவிடும்.

சரி, எப்படி அளப்பது? கணக்கு பிக்கோ விநாடியில், அதாவது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கில். இங்கே நேரத்தைத் தூரமாக மாற்றிக்கொள்கிறார்கள். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு பாயும் கரு, 12 பிக்கோ விநாடியில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போகும். ஏறக்குறைய விரல் நகத்தின் கனம்! கரு உண்டாகும் தகட்டுக்கு எதிரே, அந்த அளவு இடைவெளியில், வேகத்தைக் குறைக்க இன்னொரு தகடு. இடைவெளியில் பறக்கும்போதே வெளிவந்த கதிரில் டாப்ளர் மாற்றம், அதாவது கருவின் வேகத்தால் கதிரின் ஆற்றல் மாறிப் பதிவாவது, அதிகம். இரண்டாம் தகட்டைத் தாண்டி வேகம் குறைந்தபின் வந்ததில் குறைவு. காமா கதிரின் ஆற்றலை அளக்கும் ஜெர்மேனியம் உணர்கருவியின் பதிவில், அதனால் இரண்டு முகடுகள் அருகருகே நிற்கும். தகடுகளை மெல்ல விலக்கிக்கொண்டே போனால் ஒரு முகடு தேயும், மற்றது வளரும். எனக்கு இதைவிட அழகான கடிகாரம் தெரியாது.

2004-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில், வேறொரு முறையில், கார்பன்-16 கிளர்நிலையின் சராசரி ஆயுள் சுமார் 77 பிக்கோ விநாடி என்று கண்டார்கள். அப்படியானால் புரோட்டான்கள் ஏறக்குறைய அசையவே இல்லை என்றாகிறது. துறையே பரபரப்பானது. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இரு தகட்டு முறையில் அளந்தபோது கிடைத்தது சுமார் 12. அதே ஆண்டு ஜப்பான் குழுவும் திரும்ப அளந்து, தன் பழைய மதிப்பை வெகுவாகக் குறைத்து வெளியிட்டது. அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். புரோட்டான்களும் ஆடத்தான் செய்கின்றன; ஆனாலும் முன்னால் நிற்பது நியூட்ரான்களே.

அப்புறம் பெரிலியம்-11. அதன் கடைசி நியூட்ரான் கருவை விட்டு வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. அது ஒரு பக்கம் போனால், மின்னூட்டமுள்ள உட்கரு மறுபக்கம் நகரும். மின்னூட்டமே இல்லாத நியூட்ரான் இப்படி மின்னூட்டத்தை ஆட்டிவைக்கிறது! அதன் கிளர்நிலை வாழ்வது ஒரு பிக்கோ விநாடியில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. அதே வேகத்தில் அதற்குள் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. இரண்டாம் தகட்டுக்கு அங்கே இடமில்லை. அதனால் உலோகத்துக்குள்ளேயே கருவை ஓடவிட்டு, அது வேகம் தணியத் தணிய முகடு எந்த வடிவத்துக்குச் சரிகிறது என்று பார்த்து, அந்தச் சரிவிலிருந்தே நேரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.