மூச்சை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரி. இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் எனக்கு இருக்கிறது. ஸ்லீப் அப்னியா என்று சொல்வார்கள். இரவில் மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் ஓடும் சிபாப் மெஷின் தரும் காற்றோடுதான் தூங்குகிறேன். ஏழு வருஷமாகிறது. இந்த மெஷினோடு வெளிநாடு போய் வருவதைப் பற்றி இந்த நிகழ்ச்சியில் நேயர்களிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். காரணம், என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் நான் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவள்.

மலேசியாவில், கிள்ளானில் என் நாத்தனார் இருக்கிறார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் பயணம். பெட்டி கட்டும்போது மெஷினைக் கையில் எடுத்தேன், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். கல்யாண வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பெண்கள் பாய் விரித்துப் படுப்போம். அத்தனை பேர் நடுவில் முகத்தில் ரப்பரும் குழாயுமாகப் படுப்பதா என்று வெட்கம். பெண் பிள்ளை குறட்டை விட்டாலே குறையாகப் பேசுகிற ஊர் நம் ஊர். பத்து நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. நெற்றி இரண்டு பக்கமும் இடிக்கிறது. வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. நாலாம் நாள் பெண்ணுக்கு நலங்கு வைக்கிறார்கள், நான் மஞ்சள் கிண்ணத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன். கிண்ணம் சாய்ந்து புடவையெல்லாம் மஞ்சள். "அண்ணி, உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று நாத்தனார் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய சின்ன மகள் என்னைத் தனியாக அழைத்து, "அத்தை, ராத்திரி உங்களுக்கு மூச்சே வரல. நான் பயந்துபோய் தட்டி எழுப்பினேன், தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பிள்ளை மூன்று ராத்திரி தூங்காமல் என் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறது.

இந்த நோயில் நடப்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். எல்லோருக்கும் தளரும், எங்களுக்கு மட்டும் தொண்டையில் மூச்சு போகும் வழியே அடைபட்டுப் போகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கு வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் 5 தடவைக்கு மேல் போனால் நோய், 30-க்கு மேல் போனால் கடுமை. எனக்கு முதன்முதலில் தூக்கப் பரிசோதனை செய்தபோது 38. ஒவ்வொரு தடவையும் மூளை விழித்து உடம்பை உலுக்கி மூச்சு இழுக்க வைக்கிறது. காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது, அசதி மட்டும் மிஞ்சும். மெஷினை நிறுத்திய முதல் இரண்டு ராத்திரிகளிலேயே எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

மெஷின் செய்கிற வேலையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உயரமான டம்ளரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை அடிவரை விட்டு ஊதுங்கள். அடியில் குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறதோ, அதுதான் பத்து சென்டிமீட்டர் நீர் அழுத்தம். எனக்கு 11 வைத்திருக்கிறார்கள். அவ்வளவு அழுத்தம் உள்ளே நின்றால் தொண்டை மூடாது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஐந்து நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து, 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு முன் கடுமையாக இருந்தவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. முகத்தில் ரப்பர் மாட்டுவதற்கு நான் வெட்கப்பட்டேனே என்று இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

அப்புறம் மகனைப் பார்க்க ஃபிராங்க்ஃபர்ட் போனேன், டிசம்பர் மாதம். இந்த முறை மெஷின்தான் முதலில் பையில் ஏறியது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மெஷினை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைத்து செக்-இன் செய்யாதீர்கள். பெட்டி தொலையலாம், தாமதமாகலாம், தூக்கிப் போடுவதில் உடையலாம். கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கருவி என்பதால் பல விமான நிறுவனங்கள் இதைக் கைப்பை எடைக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கவுன்ட்டரில் நிற்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. எனக்கு அன்றைக்கு வாய்த்தவருக்குத் தெரியவில்லை. "ஏழு கிலோவுக்கு மேல் இருக்கிறது, இதையும் உள்ளே போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர். நல்லவேளை, டிக்கெட் போட்ட அன்றே மகன் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, அனுமதி உண்டு என்று பதில் வாங்கியிருந்தான். அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டுப் பேசாமல் சீட்டு ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பதிலைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தாளில் எடுத்துப் போங்கள். கூடவே டாக்டர் கடிதம்: நோயின் பெயர், மெஷினின் பெயர், அழுத்தம் எவ்வளவு, எந்த வகை மாஸ்க். ஆங்கிலத்தில் ஒரே பக்கம் போதும். அமெரிக்கா போகிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். அங்கே மாஸ்க் கிழிந்துபோனால்கூட மருத்துவர் சீட்டு இல்லாமல் புதிது வாங்க முடியாது.

பாதுகாப்புச் சோதனையில் மெஷினைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லலாம். அந்தத் தட்டில் எத்தனை பேருடைய செருப்பு போயிருக்கும்! அதனால் மெஷினைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் போட்டே வைத்திருங்கள், உறையோடு தட்டில் வையுங்கள். மாஸ்க்கும் குழாயும் பெரும்பாலும் பைக்குள்ளேயே இருக்கலாம். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை முந்தின நாளே காலி செய்து துடைத்துக் காயவைத்துவிடுங்கள். தண்ணீர் மிஞ்சினால் மெஷின் சாயும்போது உள்ளே மோட்டாருக்குப் போய்விடலாம். "ஆக்சிஜனா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை, அறையில் இருக்கிற காற்றைத்தான் அழுத்தித் தருகிறது என்று சொல்லுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சின்னப் பட்டையால் மெஷினைத் துடைத்து, அதை வேறொரு கருவிக்குள் விட்டுப் பார்த்தார்கள். வெடிமருந்துச் சோதனை. ஒரு நிமிஷம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

விமானத்துக்குள் ஓட்டலாமா? ஓட்டலாம், ஆனால் 48 மணி நேரம் முன்பே சொல்லச் சொல்லும் நிறுவனங்கள் பல. இருக்கைப் பக்கத்து பிளக்கை நம்ப முடியாது, நம் பேட்டரி வேண்டும். பேட்டரி என்றால் நம் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்து ஏ.எச். கணக்கு பார்க்கிறவர்கள்தானே நாம்! வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வாட்-மணி. லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. 100-லிருந்து 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், தனியாக எடுத்துப்போவது இரண்டுதான். 160-க்கு மேல் விடமாட்டார்கள். தனி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. பேட்டரியில் ஓட்டும்போது தண்ணீர் சூடாக்கும் பாகத்தை நிறுத்திவிடுங்கள். மின்சாரத்தைக் குடிப்பது அதுதான்.

நான் அன்று விமானத்தில் போடவில்லை. உட்கார்ந்த நிலையில் தொண்டை அவ்வளவாக அடைபடாது, தூங்காமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பத்து மணி நேரம். பக்கத்து இருக்கை அம்மா பாசமாக ஒரு தூக்க மாத்திரை நீட்டினார். வாங்காதீர்கள். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு நின்றால் மூளை விழிப்பதையும் தாமதமாக்கும். விமானத்துக்குள் காற்று எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்து போகலாம், அதாவது ஊட்டியைவிட உயரம். மெஷின் இல்லாமல் அங்கே அசந்து தூங்குவது நல்லதில்லை. இனிமேல் பேட்டரியோடுதான் போவேன்.

மகன் வீட்டில் இறங்கியதும் முதல் வேலை பிளக். நம்மூர் 230 வோல்ட்தான் அங்கேயும். அமெரிக்காவில் 120. இப்போது வரும் மெஷின்களின் அடாப்டரில் 100-240 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள். அப்படி இருந்தால் மின்மாற்றி எதுவும் தேவையில்லை, பின் மாற்றும் அடாப்டர் போதும். பர்மா பஜாரில் வாங்கியிருந்தேன், சரியாகப் பொருந்தியது. ஆனால் கட்டிலுக்கும் சுவர் பிளக்குக்கும் ஏழடி தூரம். முதல் ராத்திரி மெத்தையைத் தரையில் இழுத்துப்போட்டுப் படுத்தேன். மறுநாள் மருமகள் கடைக்குப் போய் எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கி வந்தாள். ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

மூன்றாம் ராத்திரி இன்னொன்று. நடுஜாமத்தில் காதுக்குப் பக்கத்தில் ஹூக்கா புகைப்பதுபோல் கட கட என்று சத்தம், மூக்கில் தண்ணீர்த் துளி. திடுக்கிட்டு எழுந்தேன். மெஷின் அனுப்புவது வெதுவெதுப்பான ஈரக் காற்று. சன்னல் பக்கம் அறை குளிர்ந்ததால் குழாயின் உள்பக்கம் வேர்த்து, தண்ணீர் தேங்கிவிட்டது. சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல்தான். குழாயைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு படுத்தேன், நின்றுவிட்டது. நம் வீட்டில் ஏசி போட்டுப் படுக்கிறவர்களுக்கும் இது வரும். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும், கிருமியும் சேரும்.

ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. காற்று உள்ளே போகும் இடத்தில் சின்ன வெள்ளை ஃபில்டர் ஒன்று இருக்கும். தண்டையார்பேட்டையில் இரண்டு வாரத்தில் அது பென்சில் கரிபோல் ஆகிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரி ஓடுகிறது, மணலித் தொழிற்சாலைகள் பக்கத்துக் காற்று வேறு. மகன் வீட்டில் ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன், லேசான பழுப்பு, அவ்வளவுதான். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் இந்தத் தெருக்களில்தான் ஃபில்டர் இல்லாமல் தூங்குகிறார்கள். இங்கே இருக்கும் நேயர்கள் மெஷின் வைத்திருந்தால் ஃபில்டரை மாதம் ஒரு தடவை என்று விடாதீர்கள், கண்ணால் பார்த்து மாற்றுங்கள். பயணத்துக்கு நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சு போல் எடையே இருக்காது. மாஸ்க்கின் ரப்பரிலும் ஒன்று கூடுதலாக.

என் பேரனுக்கு அப்போது நாலு வயசு. முதல் நாள் மாஸ்க்கைப் பார்த்து அவன் பயப்படுவானோ என்று அறைக் கதவைச் சாத்தினேன். அவன் திறந்துகொண்டு வந்து, "ஆயா, நீ யானையா?" என்று கேட்டு, குழாயைத் தடவிப் பார்த்தான். அதற்குப் பிறகு கிளம்பும் வரை தினமும் ராத்திரி பட்டனை அழுத்தியது அவன்தான்.

அடுத்த மாதம் திரும்பவும் கிள்ளான் போகிறேன். என் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்த அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம். நம் வீட்டில் இருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் நேராக விமான நிலையம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போய்விடலாம். அங்கே பிளக் மூன்று பட்டைப் பின், அதற்கான அடாப்டரை வாங்கிவிட்டேன். நாத்தனாருக்குப் போன் போட்டு, "நான் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிளக் இருக்கா?" என்று கேட்டேன். "சுவரோரப் பாய் உங்களுக்குத்தான் அண்ணி, அவ அப்பவே சொல்லி வெச்சுட்டா" என்றார்.

வணக்கம்.