இது வேறு பாரி

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டன் கென்சிங்டன் பூங்காவில், லாங் வாட்டர் என்கிற ஏரிக்கரையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் சிலையாகக் குழல் ஊதிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் பீட்டர் பேன், என்றைக்கும் வளராத, பறக்கத் தெரிந்த கதைப் பையன். அவன் காலடியில் முயல், அணில், எலி, தேவதை என்று ஒரு கூட்டமே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த முயல் காதைப் பாருங்கள், குழந்தைகள் தடவித் தடவியே பளபளவென்று ஆகிவிட்டது.

இவனை எழுதியவர் ஜேம்ஸ் மேத்யூ பாரி. பாரி என்றதும் நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்தவர்தான் ஞாபகம் வருவார். இவர் வேறு பாரி. ஆனால் இவரும் ஒன்றைக் கொடுத்தார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1860ல் ஸ்காட்லாந்தில் கிரிமியூர் என்ற சிற்றூரில், ஒரு கைத்தறி நெசவாளர் வீட்டில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. இவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, அண்ணன் டேவிட் பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடும்போது விழுந்து இறந்துபோனான். 14 வயதுகூட நிறையவில்லை. அம்மாவின் செல்லப்பிள்ளை அவன். அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார்.

அம்மாவைப் பற்றி 1896ல் எழுதிய புத்தகத்தில் பாரி ஒரு காட்சியைச் சொல்கிறார். அம்மா படுத்திருக்கும் இருட்டு அறைக்குள் சிறுவன் போகிறான். "நீயா?" என்று குரல் வருகிறது. இவன் பேசவில்லை. மறுபடியும் "நீயா?" செத்துப்போன அண்ணனைத்தான் கூப்பிடுகிறாள் என்று இவனுக்குப் புரிகிறது. "இல்லை, அவன் இல்லை, நான்தான்" என்கிறான்.

எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அண்ணனுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவனைப் போலவே காலை அகட்டி, பைக்குள் கையை விட்டு, விசிலடித்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றிருக்கிறான். பாரி வளர்ந்து பெரிய ஆளானார். டேவிட்டுக்கு மட்டும் எப்போதும் 13 வயதுதான். பீட்டர் பேனைச் சின்ன வயதில் ஜாலியான கதை என்றுதான் பார்த்தேன். இப்போது அந்த வளராத பையன் பறந்து வரும்போதெல்லாம் எனக்கு டேவிட் ஞாபகம்தான்.

நடுவில் உள்ளதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவில் படிப்பு, நாட்டிங்காமில் பத்திரிகை வேலை, 1885ல் லண்டன். அம்மா சொன்ன பழைய ஊர்க்கதைகளை எழுதித்தான் முதலில் பெயர் வாங்கினார். பிறகு நாடகம். 1902ல் வந்த 'தி அட்மிரபிள் கிரைட்டன்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பிரபு குடும்பம் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொள்கிறது. அங்கே அவர்களுடைய பட்லர், அதாவது வீட்டின் தலைமை வேலைக்காரர்தான் தலைவர்! ஊர் திரும்பியதும் பழையபடி பட்லர்.

சரி, இந்தப் பூங்காவுக்கு வருவோம். பாரி இங்கே தன் பெரிய நாய் போர்த்தோஸோடு நடக்க வருவார். 1897ல் இங்கேதான் லூவெலின் டேவிஸ் வீட்டுப் பையன்களோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களுக்குச் சொன்ன கதைகளிலிருந்துதான் பீட்டர் பேன் முளைத்தது.

1904 டிசம்பர் 27, லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டர். பீட்டர் பேன் நாடகத்தின் முதல் காட்சி. 22ஆம் தேதியே மேடையேற வேண்டியது, இயந்திரக் கோளாறால் தள்ளிப்போனது. அன்று வந்தவர்களில் பெரும்பாலும் பெரியவர்கள். சாகக் கிடக்கும் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதையைப் பிழைக்க வைக்க, தேவதைகளை நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று பீட்டர் கேட்பான் இல்லையா? யாரும் தட்டாவிட்டால் என்ன செய்வது என்று பாரிக்கு உதறல். வாத்தியக்காரர்களைத் தட்டச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார். கடைசியில் அரங்கமே தட்டித் தீர்த்தது. பீட்டராக நடித்த நீனா பூசிகோ அழுதேவிட்டார்.

பறக்க மாயப்பொடி வேண்டும் என்பது பிறகு சேர்த்தது. நாடகம் பார்த்த பிள்ளைகள் வீட்டில் கட்டிலிலிருந்து குதித்துக் காயப்பட்டதால், பெற்றோர் கேட்டுக்கொண்டார்களாம்.

இனி வருவது மனதைக் கனக்க வைக்கும். அந்தப் பையன்களின் அப்பா 1907லும் அம்மா சில்வியா 1910லும் இறந்துவிட்டார்கள். ஐந்து பையன்களையும் பாரி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சில்வியா கைப்பட எழுதி வைத்த குறிப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 'ஜென்னி' வரட்டும் என்று இருந்தது, அதாவது பிள்ளைகளின் தாதியுடைய சகோதரி. பாரி எடுத்த நகலில் அது 'ஜிம்மி'. ஜிம்மி என்பது ஜேம்ஸின் செல்லப்பெயர், அதாவது பாரிதான். கண் தவறியதா, மனசு தவறியதா? எனக்கு இரண்டு பக்கமும் தோன்றுகிறது. பணமும் பாசமும் கொட்டினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த ஒரு பெயர் உறுத்துகிறது. மூத்தவன் ஜார்ஜ் 1915ல் போர்முனையில் செத்தான். அவன் தம்பி மைக்கேல் 1921ல் ஆக்ஸ்ஃபோர்ட் அருகே நீரில் மூழ்கி இறந்தான், 21 வயதுகூட ஆகவில்லை.

இப்போது கொடை. 1929ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, நிதி திரட்டும் குழுவில் சேரச் சொல்லி இவரைக் கேட்டது. மாட்டேன் என்றார். கொஞ்ச நாளில் பீட்டர் பேன் உரிமை முழுவதையும் அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்! எவ்வளவு வருகிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது மட்டும் அவருடைய வேண்டுகோள். 1987 முடிவில் காப்புரிமைக் காலம் தீர்ந்தது. முன்னாள் பிரதமர் காலஹன் முயற்சியால் 1988 காப்புரிமைச் சட்டத்தில் தனிப்பிரிவே சேர்த்தார்கள். பிரிட்டனில் இந்த நாடகத்தைப் போட்டால் மருத்துவமனைக்குப் பங்கு உண்டு, காலக்கெடு கிடையாது.

இந்தச் சிலையும் அவர் ஏற்பாடுதான். 1912 ஏப்ரல் 30 ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிட்டார்கள், காலையில் வந்த பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பாரிக்குத்தான் திருப்தி இல்லை. பீட்டருக்குள் இருக்கும் சைத்தான் இதில் தெரியவில்லை என்று குறைப்பட்டார். எனக்கும் முகம் ரொம்பச் சாதுவாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன்... இருங்கள், ஒரு குட்டிப்பெண் முயல் காதைத் தொடக் காத்துக்கொண்டு நிற்கிறாள். வழியை மறைத்துக்கொண்டு நிற்பது நான்தான். நகர்ந்துவிடுகிறேன்.