பினாங்கு கடற்கரையில ஜெல்லி மீன் கொட்டினா: வினிகர் ஏன் ஊத்தணும், பைப்பு தண்ணி ஏன் ஊத்தக் கூடாது

வணக்கம் மக்களே. பத்து ஃபெரிங்கி கடற்கரையில நிக்கிறேன். தண்ணி வத்தியிருக்கு, ஈர மணல்ல ஒரு ஜெல்லி மீன் ஒதுங்கிக் கிடக்கு. கேமராவைக் கிட்ட கொண்டு போறேன், பாருங்க. வட்டமான குடை. அடியில சதைப்பிடிப்பா எட்டு கை. குடை விளிம்புல நூல் எதுவும் தொங்கல. செத்துடுச்சு. இருந்தாலும் வெறுங்கையால தொடாதீங்க, பிள்ளைங்களையும் குச்சியால குத்த விடாதீங்க. செத்த ஜெல்லி மீனும் கொட்டும். ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, கொட்டினதுக்கு அப்புறம் என்ன செய்யணும்ங்கிறதும் தானா புரிஞ்சிடும்.

இதோட தோல்ல கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு சின்னக் குப்பி, அந்தக் குப்பிக்குள்ள சுருட்டி வெச்ச மெல்லிய குழல், அதோட ஒரு ஊசி, கூடவே விஷம். குப்பிச் சுவர் ஒரு வகை கொலாஜன், ரொம்ப உறுதி. உள்ள பாலிகுளூட்டமேட்னு ஒரு பொருள் செறிவா அடைஞ்சிருக்கு. அது தண்ணியை உள்ள இழுத்து இழுத்து, குப்பிக்குள்ள அழுத்தத்தை 150 பார் அளவுக்கு ஏத்தி வெச்சிருக்கும். உங்க கார் டயர்ல இருக்கிறது சுமார் ரெண்டு பார்தான், நினைச்சுப் பாருங்க. செல்லோட மேல ஒரு சின்ன முடி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுல ஏதாவது பட்டா மூடி திறக்கும், குழல் உள்பக்கம் வெளிப்பக்கமா புரண்டு பாயும். துப்பாக்கி சுடுற மாதிரி இருக்கிறதால இதைக் குப்பி சுடுறதுன்னு சொல்றேன். 2006ல ஹைட்ராவுல இதை அதிவேக கேமரா வெச்சு அளந்தாங்க. ஹைட்ரா குளத்துத் தண்ணியில வாழுற சொந்தக்காரன். அதுல ஊசி 700 நானோ செகண்டுல வெளிய வந்திடுது. முடுக்கம் புவியீர்ப்பைப் போல 50 லட்சம் மடங்குக்கும் மேல. உயிரினங்கள்ல இதைவிட வேகமான அசைவைத் தேடணும்.

ஜெல்லி மீனுக்கு மூளை கிடையாது. நரம்பு வலை இருக்கு, ஆனா சுடுறதுக்கு அதோட உத்தரவுக்காக செல் காத்திருக்காது. அதனாலதான் அறுந்து மிதக்குற நூலும் கொட்டும், மணல்ல செத்துக் கிடக்கிறதும் கொட்டும். சில கடல் நத்தைங்க இந்த உறவுக்கார பிராணிகளைத் தின்னுட்டு, சுடாத குப்பிகளை அப்படியே தன் முதுகுல கொண்டு போய் வெச்சு, தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்துது. குப்பி இன்னொருத்தர் உடம்புலயும் வேலை செய்யுது, அவ்வளவு தன்னிச்சையான ஆயுதம்.

பவளமும் கடல் சாமந்தியும் ஹைட்ராவும் இதே குடும்பம்தான். புலாவ் பாயார் தீவுப் பக்கம் ஸ்நோர்கல் போறவங்க ஒண்ணு கவனிங்க. நெருப்புப் பவளம்னு ஒண்ணு இருக்கு, தொட்டா எரியும். பாக்குறதுக்குப் பவளம், ஆனா உறவுமுறையில ஹைட்ராவுக்குத்தான் நெருக்கம்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வரேன். பினாங்கு கடல்ல பெட்டி ஜெல்லி மீன் உண்டு. தெலுக் பஹாங்ல இருக்குற, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தோட (யூஎஸ்எம்) கடல் ஆய்வு மையம் ஜெல்லி மீன்களை ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கு. இந்த மணல்ல கிடக்குற வட்டக் குடைக்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்றேன். அதோட உடம்பு நாலு மூலை உள்ள பெட்டி. நூல் அந்த நாலு மூலையில இருந்து மட்டும்தான் தொங்கும். உடம்பு கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிறதால தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட தெரியாது. 24 கண்ணு இருக்கு, அதுல சிலது லென்ஸ் உள்ள கண்ணு. அலையோட மிதந்து வராம தானா நீந்தி வரும், முழங்கால் தண்ணிக்கும் வரும். பெரிய வகைங்களோட விஷம் செல் சவ்வுல ஓட்டை போடும். நிறைய நூல் சுத்திட்டா சில நிமிஷத்துலயே இதயம் நிக்கலாம். சின்னப் பிள்ளைங்க உடம்பு சின்னது, அதே அளவு விஷம் அவங்களுக்கு ரொம்ப அதிகம்.

கொட்டினா என்ன செய்யணும்? முதல்ல ஆளைத் தண்ணியில இருந்து வெளிய கொண்டு வாங்க, ஒருத்தர் 999க்கு அடிங்க. மயக்கமா இருந்து மூச்சு இல்லைன்னா மத்தது எல்லாம் அப்புறம், உடனே சிபிஆர். நெஞ்சு நடுவுல 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 அழுத்து.

நினைவோட இருந்தா வினிகர். 4ல இருந்து 6 சதவீத அசெட்டிக் ஆசிட் உள்ள சாதாரண வெள்ளை வினிகர், மளிகைக் கடையில சூக்கான்னு கேட்டா கொடுப்பாங்க. கொட்டின இடம் முழுக்க குறைஞ்சது 30 செகண்ட் நிக்காம ஊத்துங்க. ஒட்டிக்கிட்டு இருக்குற நூல்ல இன்னும் சுடாத குப்பிங்க ஏராளமா இருக்கும், அதை எல்லாம் வினிகர் செயலிழக்க வைக்கும். ஏற்கனவே உள்ள இறங்கின விஷத்தை அது ஒண்ணும் செய்யாது, வலியும் அதனால குறையாது. வலி நிக்கலையேன்னு பாதியில விட்டுடாதீங்க. ஊத்தி முடிச்ச பிறகுதான் நூலை இடுக்கியால எடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை, தோட்டப்புறத்துல இருக்குறவங்களுக்கு முக்கியமா. ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்டையும் சூக்கான்னுதான் சொல்றோம். அது ஃபார்மிக் ஆசிட், தோலைப் பொசுக்கிடும். லேபிளைப் படிச்சு வாங்குங்க.

பைப்பு தண்ணி, மினரல் வாட்டர் ரெண்டும் கூடாது. உப்பு குறைஞ்ச தண்ணி பட்டா சுடாத குப்பிங்க சுட ஆரம்பிச்சிடும். கொட்டு வாங்கினவங்க நேரா கடற்கரை ஷவருக்கு ஓடுறதுதான் இங்க அடிக்கடி நடக்குற தப்பு. மணல் போட்டுத் தேய்க்காதீங்க, துண்டால துடைக்காதீங்க, கட்டு போட்டு இறுக்காதீங்க, அழுத்தினாலும் சுடும். மூத்திரம் ஊத்துறது பலன் இல்லாத வேலை. வினிகர் கைவசம் இல்லைன்னா கடல் தண்ணியால மெதுவா கழுவுங்க.

புளூபாட்டில்னு நீல மிதவையோட ஒண்ணு வரும், அதுக்கு ஆஸ்திரேலியாவுல வினிகர் சொல்றதில்ல. 45 டிகிரி வரைக்கும், தாங்குற சூட்டுத் தண்ணியில 20 நிமிஷம் வைக்கச் சொல்றாங்க. எது கொட்டினதுன்னு தெரியாதப்போ நம்ம பக்கம் பெட்டி ஜெல்லியைத்தான் மனசுல வெச்சு வினிகர்ல ஆரம்பிக்கணும்.

தடிப்பைப் போட்டோ எடுத்து வைங்க. குறுக்குக் கோடு வரிவரியா விழுந்திருந்தா டாக்டருக்கு அது பெரிய துப்பு. கொட்டின நேரத்தையும் எழுதிக்கங்க. பெட்டி ஜெல்லியில சில வகை கொட்டினா மேல லேசா சிவப்புதான் இருக்கும், அரை மணி நேரம் போல கழிச்சுத்தான் இடுப்பு வலி, தசைப் பிடிப்பு, வியர்வை, வாந்தி, ரத்த அழுத்த ஏத்தம் வரும். லேசா கொட்டு வாங்கின ஆளை உடனே காருல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கங்க. இந்த அறிகுறியில எது தெரிஞ்சாலும் நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.