கதாநாயகனால் முடியாத இடம்

நேயர்களுக்கு வணக்கம். சிறுவர்களுக்கான மாயக்கதைகளில் கிறிஸ்தவக் கருத்துகள் எப்படி வருகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வந்து நிற்பது ஒரு சிங்கம். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1950-ல் வெளியிட்ட, நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றிய முதல் கதையில், துரோகம் செய்த ஒரு சிறுவனுக்காக அஸ்லான் என்ற சிங்கம் கல்மேடையில் உயிரை விடுகிறது. விடியும்போது மறுபடி எழுந்து நிற்கிறது. சுவிசேஷம் தெரிந்த எந்தக் குழந்தையும் இது யாருடைய கதை என்று சொல்லிவிடும். சிங்கம் யார், மேடை எது, சூனியக்காரி யார் என்று வகுப்பில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கவும் வசதி. எனக்கு இந்த விளையாட்டில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. விடுகதைக்கு விடை தெரிந்தபின் அதை யாரும் மறுபடி கேட்பதில்லை. இந்தக் கதைகளையோ பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அப்படியானால் விஷயம் வேறெங்கோ இருக்க வேண்டும். கதாநாயகன் இனி தன்னால் ஆகாது என்று நின்றுவிடும் இடத்தில் அதைத் தேடலாம் என்பது என் எண்ணம்.

சாகசக் கதைக்கு ஒரு வழக்கம் உண்டு. பையன் பயிற்சி எடுப்பான், வாள் கிடைக்கும், அரக்கனை வெல்வான். கடைசி அடி அவனுடையது. நான் சொல்லப்போகும் கதைகளில் அந்தக் கடைசி அடி அவன் கையில் இருப்பதில்லை.

இதன் வேர் பழையது. ஜான் பனியனின் மோட்சப் பயணம் 1678-ல் வந்தது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்று காவியமே பாடினார், 1894-ல் நூலானது. பயணியின் முதுகில் ஒரு சுமை. எவ்வளவு நடந்தும் அவனால் அதை இறக்க முடியவில்லை. சிலுவைக்கு முன்னால் வந்ததும் அது தானாகக் கழன்று உருண்டு போகிறது. பனியன் பெரியவர்களுக்குத்தான் எழுதினார். ராட்சதனும் கோட்டையும் இருந்ததால் பிள்ளைகளும் விடவில்லை.

லூயிஸிடம் இதே சுமை தோலாக மாறுகிறது. 1952-ல் வந்த நார்னியா கடற்பயணக் கதையில் யூஸ்டஸ் என்று ஒரு பையன். யாருக்கும் பிடிக்காத பிள்ளை. எல்லாவற்றுக்கும் குறை சொல்வான், வேலை என்றால் நழுவிவிடுவான். செத்துப்போன டிராகன் ஒன்றின் புதையல்மேல் பேராசை நினைப்போடு படுத்துத் தூங்குகிறான். எழும்போது அவனே டிராகன். ஆசைப்பட்டுக் கையில் மாட்டிய வளையல் இப்போது பெருத்த காலில் சிக்கி வலிக்கிறது. ஒருநாள் இரவு சிங்கம் வந்து அவனை மலைமேல் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப்போகிறது. அங்கே பெரிய கிணறு. இறங்கினால் வலி தீரும் என்று தோன்றுகிறது. அதற்குமுன் உடையைக் களைய வேண்டும் என்கிறது சிங்கம். பாம்பு சட்டை உரிப்பதுபோல யூஸ்டஸ் தோலை உரிக்கிறான். அடியில் இன்னொரு தோல். அதையும் உரிக்கிறான். மறுபடி தோல். மூன்றாவது முறையும் அப்படியே. ‘நான்தான் உரிக்க வேண்டும்’ என்று சிங்கம் சொன்னதும் மல்லாந்து படுத்துவிடுகிறான். முதல் நகக்கீறலே நெஞ்சுவரை இறங்கியதுபோல இருந்தது என்று பிற்பாடு சொல்கிறான். தோல் போனபிறகு தண்ணீரில் தூக்கி எறியப்படுகிறான். மேலே வரும்போது பழையபடி சிறுவன்.

ஞானஸ்நானம் என்று விளக்கம் சொல்லலாம், சரிதான். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மூன்று முயற்சிகள்தான். அவன் சோம்பி உட்காரவில்லை. உண்மையாகவே உரித்தான், உரிந்தும் வந்தது, ஆனால் போதவில்லை. முயற்சி செய்தால் எல்லாம் ஆகும் என்று காலையும் மாலையும் கேட்டு வளரும் ஒரு பிள்ளைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! அப்புறம் லூயிஸ் இன்னொரு நேர்மையான காரியமும் செய்கிறார். யூஸ்டஸ் அன்றோடு நல்லவனாகிவிட்டான் என்று எழுதவில்லை. இடையிடையே பழைய குணம் தலைகாட்டியது, ஆனாலும் குணமாகத் தொடங்கியிருந்தான் என்று முடித்துவிடுகிறார்.

டோல்கீன் வேறு ரகம். பக்தியுள்ள கத்தோலிக்கர். உருவகக் கதை என்றாலே ஆகாது. நெருங்கிய நண்பர் லூயிஸ் எழுதியதாக இருந்தும் அவருக்கு நார்னியா பிடிக்கவில்லை. தீய சக்தி கொண்ட ஒரு மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கப் போகும் பயணம்தான் அவருடைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. அந்த மோதிரக் கதையில் கோயிலும் இல்லை, வேதமும் இல்லை. ஆனால் 1953-ல் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்கிறார். எங்கே இருக்கிறது அந்தச் சமயம்? மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. திருச்சபை நாள்காட்டியில் மங்கள வார்த்தைத் திருநாள், இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்குச் சொன்ன நாள். கவனித்தவர்களுக்கு அது ஒரு குறிப்பு. ஆனால் முக்கியமானது அந்த நாளில் நடப்பது. அத்தனை துன்பம் பட்டு எரிமலையின் விளிம்புவரை மோதிரத்தைச் சுமந்துவந்த ஃப்ரோடோ, கடைசி நொடியில் அதை எறிய மாட்டேன் என்கிறான். தோற்றுவிடுகிறான். கோலம் என்ற பரிதாபப் பிறவி அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, துள்ளிக் குதித்து, தவறி நெருப்பில் விழுகிறது. உலகம் பிழைக்கிறது. அந்தக் கோலம் அதுவரை உயிரோடிருந்ததே, ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த அவன் உறவினர் பில்போவும் ஃப்ரோடோவும் வெவ்வேறு சமயங்களில் இரக்கப்பட்டு விட்டுவைத்ததால்தான்.

இதில் ஒரு சுவையான செய்தி. பில்போவின் இரக்கம், அவனை நாயகனாகக் கொண்டு டோல்கீன் முன்பு எழுதி 1937-ல் வந்த ஹாபிட் கதையின் முதல் பதிப்பில் கிடையாது. அதில் கோலம் பில்போவோடு நடந்த விடுகதைப் போட்டியில் தோற்றதும் வழிகாட்டி அனுப்பிவைக்கிறது. இருவரும் மரியாதையாகப் பிரிகிறார்கள். பெரிய மோதிரக் கதையை எழுதும்போதுதான் டோல்கீனுக்கு வேறு காட்சி தேவைப்பட்டது. 1951 பதிப்பில், கையில் வாளோடும் கண்ணுக்குத் தெரியாமலும் நிற்கும் பில்போ, கொல்ல வாய்ப்பிருந்தும் மனம் இளகித் தாண்டி ஓடுகிறான். முழுக் கதையும் எந்த இரக்கத்தின்மேல் நிற்கிறதோ, அது பிறகு திருத்தி எழுதிச் சேர்த்தது.

அமெரிக்கரான மாடலின் லெங்கல் 1962-ல் எழுதிய நாவல் அடுத்த ஆண்டு சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. அதன் நாயகி மெக், கோபக்காரி, பிடிவாதக்காரி, பள்ளியில் ஒட்டாதவள். ஆபத்தான கிரகத்துக்கு அனுப்பும்போது துணைவந்த விசித்திரப் பாட்டி அவளுக்குத் தரும் பரிசு என்ன தெரியுமா? அவளுடைய குறைகளையே தருகிறாள். பின்னால் மெக் தனியாகத் தம்பியை மீட்கப் போகும்போது இன்னொரு பாட்டி பைபிளில் உள்ள பவுலின் நிருபத்தைச் சொல்லி அனுப்புகிறாள்: ‘பலமுள்ளவைகளை வெட்கப்படுத்தும்படி தேவன் உலகத்தில் பலவீனமானவைகளைத் தெரிந்துகொண்டார்.’ தம்பியைப் பிடித்துவைத்து, அந்தக் கிரகத்தில் எல்லோரையும் ஆட்டிவைப்பது ஒரு ராட்சத மூளை. அதை மெக் அறிவால் வெல்வதில்லை. தம்பியை நேசிக்கிறாள், அவ்வளவுதான்.

ஹாரி பாட்டரை ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் ஒரு சபையார் அந்தப் புத்தகங்கள் சூனியத்தைப் போதிக்கின்றன என்று தீயில் போட்டார்கள். ஆனால் 2007-ல் வந்த கடைசிப் பாகத்தில் ஹாரி எதிர்த்துப் போராடாமல் சாவை நோக்கி நடக்கிறான். அவன் பெற்றோரின் கல்லறையில் பொறித்திருப்பது பவுலின் வசனம், மரணமே கடைசிச் சத்துரு என்பது.

இவர்களைப் பார்த்து எழுதப்பட்ட பல கதைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. சிங்கத்துக்குப் பதில் கழுகோ வெள்ளைக் குதிரையோ வரும், நடுவில் பிரசங்கம் நடக்கும், பையன் திருந்திவிடுவான். குறியீடெல்லாம் சரியாக இருக்கும். தோல்வி மட்டும் இருக்காது.

சரி, இந்த அளவுகோலை லூயிஸ்மேலும் வைத்துப் பார்க்க வேண்டுமே. திருச்சபையைக் கொடுங்கோலாகக் காட்டி மூன்று பாக நாவல் எழுதிய ஃபிலிப் புல்மன், நார்னியாவைக் கடுமையாகச் சாடியவர். அவருடைய பல குற்றச்சாட்டுகள் மிகை. ஆனால் முதல் கதையில் நார்னியாவுக்குப் போன நான்கு பிள்ளைகளில் ஒருத்தியான சூசனைப் பற்றி அவர் கேட்பதை என்னால் ஒதுக்க முடியவில்லை. 1956-ல் வந்த கடைசி நார்னியா கதையில் எல்லோரும் அஸ்லானின் நாட்டுக்குள் போகிறார்கள், சூசன் மட்டும் இல்லை. அவளுக்கு இப்போது உதட்டுச்சாயமும் விருந்தழைப்புகளும்தான் பெரிது என்று கூட வந்தவர்களே சொல்லிவிட்டு நகர்கிறார்கள். இதைப் படித்து மனம் கேளாமல் ஒரு குழந்தை கடிதம் எழுதியது. திருந்த அவளுக்கு நிறைய காலம் இருக்கிறது, அவள் வழியில் வந்து சேரக்கூடும் என்று லூயிஸ் 1957-ல் பதில் போட்டார். அன்பான பதில்தான். ஆனால் கடிதம் ஒரு வீட்டுக்குப் போனது, கதை உலகமெல்லாம் போனது. மிட்டாய்க்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்த எட்மண்டுக்காக ஒரு சிங்கத்தைச் சாகவைத்தவர், அவனுடைய அக்காவுக்குக் கதைக்குள்ளேயே ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

நன்றி, வணக்கம்.